முகமூடிக்குள் இருந்து போராடினால் சட்டம் என்ன செய்யும்? ஹேக்டிவிசம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் அநீதி இணையத்தில் பேசுபொருளான சில மணி நேரத்துக்குள், "இந்த மென்பொருளை இறக்குங்கள், இந்தத் தளத்தை முடக்குவோம்" என்ற அழைப்பு வந்துவிடுகிறது. அழைப்பவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஏற்பவர் யாரென்று அவருடைய ஐபி முகவரியே, அதாவது இணையத்தில் அவருடைய இணைப்புக்கான எண்ணே, சொல்லிவிடும். இந்தக் கேள்வி பதில்கள் ஏற்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இவை பொதுவான விளக்கங்கள்தாம். உங்கள்மீது புகாரோ வழக்கோ இருந்தால் முதலில் ஒரு வழக்குரைஞரைப் பாருங்கள்.

ஹேக்டிவிசம் என்று எதைச் சொல்கிறார்கள்?

அரசியல் அல்லது சமூகக் கோரிக்கைக்காக அடுத்தவரின் கணினி அமைப்பை முடக்குவது, முகப்புப் பக்கத்தை மாற்றுவது, உள்ளே புகுந்து தகவலை வெளியே கொண்டுவருவது. 1989 அக்டோபரிலேயே, புளூட்டோனியம் ஏற்றிய கலிலியோ விண்கலத்தை ஏவக்கூடாது என்று சொல்லி, ஒரு புழு நிரல் நாசாவின் கணினிகளில் பரவியது. 1998இல் மெக்சிகோவில் பழங்குடி உரிமைக்காகப் போராடிய சபாதிஸ்தா மக்களுக்கு ஆதரவாக, தளங்களைத் திணறடிக்கும் 'ஃப்ளட்நெட்' என்ற கருவி வந்தது. பெயர் காட்டாத ஹேக்டிவிஸ்டுகளின் கூட்டமான அனானிமஸ் உலகம் முழுக்கத் தெரிந்தது 2008இல் சயின்டாலஜி அமைப்புக்கு எதிரான போராட்டத்தில். ஹேஷ்டேக், இணையக் கையெழுத்து இயக்கம், புறக்கணிப்பு ஆகியவை இதில் சேராது. அவை கருத்துரிமை என்ற வேறொரு தளத்தில் நிற்பவை.

நல்ல நோக்கத்துக்காகச் செய்தால் சட்டம் விட்டுவிடுமா?

விடாது. பெரும்பாலான நாடுகளின் சட்டம் இரண்டைத்தான் பார்க்கிறது: உங்களுக்கு அனுமதி இருந்ததா, தெரிந்தே செய்தீர்களா. எதற்காகச் செய்தீர்கள் என்பது தண்டனையின் அளவை முடிவு செய்யும் கட்டத்தில்தான் பேச்சுக்கு வருகிறது.

பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. அரசியல் நோக்கமே குற்றத்தைப் பெரிதாக்கலாம். பிரிட்டனின் 2000ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டம், அரசின் முடிவுகளில் செல்வாக்குச் செலுத்தவோ மக்களை அச்சுறுத்தவோ, அரசியல் கொள்கைக்காக மின்னணு அமைப்பு ஒன்றைக் கடுமையாகச் சீர்குலைப்பதையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66எஃப் பிரிவில் சைபர் பயங்கரவாதத்துக்கு ஆயுள் தண்டனை வரை இடமுண்டு. சாதாரண போராட்டங்கள்மீது இவை பாய்வது அரிது. ஆனால் "காசுக்காகச் செய்யவில்லையே" என்ற வாதம் கேடயமாகும் என்று யாரும் நம்பிவிடக்கூடாது.

டிடாஸ் என்பது இணையத்தில் நடத்தும் மறியல்தானே?

இந்த விவாதத்தின் மையமே இதுதான். நிறையக் கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் குவித்து ஒரு தளத்தைத் திணறடிப்பதே டிடாஸ் (DDoS). வாசலில் கூட்டமாக உட்காருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தீர்ப்பு துணை நிற்கிறது. 2001 ஜூன் 20 அன்று, புகலிடம் கேட்டவர்களை லுஃப்தான்சா விமானங்களில் நாடு கடத்துவதைக் கண்டித்து ஜெர்மனியில் ஓர் 'இணைய ஆர்ப்பாட்டம்' நடந்தது. 13,000க்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளிலிருந்து நிறுவனத்தின் தளத்தைத் தட்டினார்கள். நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தன. அழைப்பு விடுத்தவரைக் கீழ் நீதிமன்றம் 2005இல் தண்டித்தது. பிராங்க்பர்ட் உயர் மண்டல நீதிமன்றம் 2006இல் அவரை விடுவித்தது. சுட்டியைச் சொடுக்குவது வன்முறையும் அல்ல, மிரட்டலும் அல்ல என்பது அதன் முடிவு. அடுத்த ஆண்டே ஜெர்மனி கணினிச் சீர்குலைப்புச் சட்டத்தை விரிவாக்கிவிட்டதால், அந்தத் தீர்ப்பை நம்பி இன்று யாரும் இறங்க முடியாது. 2013 ஜனவரியில் அமெரிக்காவிலும், டிடாஸைப் போராட்ட வடிவமாக ஏற்கக் கோரி வெள்ளை மாளிகையின் மனு தளத்தில் ஒரு மனு வைக்கப்பட்டது. சட்டம் மாறவில்லை.

எங்கள் பார்வையில் மறியல் ஒப்பீடு ஓரிடம் வரை பொருந்துகிறது. வெளிப்படையாக அறிவித்து, மனிதர்கள் தங்கள் சொந்தக் கணினியிலிருந்து, குறிப்பிட்ட நேரம் மட்டும் செய்வது ஒன்று. பாட்நெட் வைத்து அடிப்பது முற்றிலும் வேறு. பாட்நெட் என்பது வைரஸ் புகுந்த அடுத்தவர் கணினிகளின் படை. அந்தக் கணினிகளின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் கருவி 'போராடிக்கொண்டிருப்பது' தெரியவே தெரியாது. இன்று பெரிய தளம் ஒன்றைச் சாய்க்கும் தாக்குதல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். ஆயிரம் தன்னார்வலர்கள் சொடுக்கிக்கொண்டிருக்க, தளத்தை உண்மையில் விழவைப்பது பாட்நெட் வைத்திருக்கும் ஓரிருவர். ஆயிரம் பேரின் முகவரிகள் மட்டும் பதிவாகின்றன.

ஒரே ஒரு நிமிடம் கலந்துகொண்டால் என்ன ஆகிவிடப்போகிறது?

2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர், கோக் (Koch) இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத் தளத்துக்கு எதிரான தாக்குதலில் சுமார் ஒரு நிமிடம் பங்கேற்றார். தளம் ஏறத்தாழ 15 நிமிடம் முடங்கியது. நேரடி இழப்பு 5,000 டாலருக்கும் குறைவு. 2013 டிசம்பரில் அவருக்கு விதிக்கப்பட்டது 2 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 1,83,000 டாலர் இழப்பீடும்.

இந்தத் தொகை எங்கிருந்து வந்தது? தளத்தின் பாதுகாப்பைச் சீராக்க நிறுவனம் வெளியிலிருந்து அமர்த்திய ஆலோசகர்களின் கட்டணம் அது. அமெரிக்கச் சட்டத்தில் 'இழப்பு' என்ற சொல்லுக்குள் தாக்குதலை ஆராய்ந்த செலவு, சேதத்தை மதிப்பிட்ட செலவு, பழைய நிலைக்குக் கொண்டுவந்த செலவு எல்லாம் அடங்கும். அந்தச் செலவை முடிவு செய்பவர் பாதிக்கப்பட்டவர். ஆக, நீங்கள் செய்த சேதத்துக்கும் நீங்கள் கட்டப்போகும் பணத்துக்கும் நேர்விகிதம் கிடையாது.

பேபால் மீதான 2010 டிசம்பர் தாக்குதலில் பயன்பட்ட 'லோயிக்' என்ற கருவியும் இப்படித்தான் ஆளைக் காட்டிக்கொடுத்தது. சர்வரோடு முழு இணைப்பு ஏற்படுத்த வேண்டுமென்றால் பதில் திரும்பி வர உண்மையான முகவரி தேவை. லோயிக் அதை மறைக்கவில்லை. சுமார் 1,000 ஐபி முகவரிகளைப் பேபால் எஃப்பிஐயிடம் கொடுத்தது. 14 பேர் மீது வழக்கு, 2013 டிசம்பரில் 13 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2012இல் இன்னொரு விபரீதமும் நடந்தது: ஆதரவாளர்களுக்காகப் பகிரப்பட்ட தாக்குதல் கருவி ஒன்றில் வங்கிக் கடவுச்சொற்களைத் திருடும் 'சியுஸ்' வைரஸ் சேர்க்கப்பட்டிருந்ததை சைமன்டெக் கண்டுபிடித்தது. போராட வந்தவர்களின் வங்கிக் கடவுச்சொற்களே திருடர் கைக்குப் போயின.

எந்தச் செயலுக்கு எவ்வளவு தண்டனை?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் 1990 கணினி முறைகேட்டுச் சட்டத்தில் அனுமதியின்றி நுழைவதற்கு 2 ஆண்டு வரை, இயக்கத்தைக் கெடுப்பதற்கு 10 ஆண்டு வரை. டிடாஸ் இதில் சேருமா என்ற ஐயத்தை 2006 திருத்தம் தீர்த்துவிட்டது. அமெரிக்காவின் 1986 சட்டத்தில், வேண்டுமென்றே சேதம் விளைவித்து, இழப்பு ஓர் ஆண்டில் 5,000 டாலரைத் தாண்டினால் முதல் குற்றத்துக்கே 10 ஆண்டு வரை போகலாம். இந்தியச் சட்டத்தில் 43, 66 பிரிவுகள் சேர்ந்து 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவித்த கணினியைத் தொட்டால் 70ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை. குறிவைத்த தளம் சாதாரணத் தளமா, அறிவிக்கப்பட்ட அமைப்பா என்பது தளத்தை வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் தெரிவதில்லை.

விபிஎன் போட்டுக்கொண்டால் கண்டுபிடிக்க முடியாதே?

உங்கள் இணைப்பை இன்னொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவைதான் விபிஎன். அது உங்கள் முகவரியை அழிப்பதில்லை. நீங்கள் வைக்கும் நம்பிக்கையை இணைய சேவை நிறுவனத்திடமிருந்து விபிஎன் நிறுவனத்துக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். 2011இல் சோனி பிக்சர்ஸ் தளத்தில் புகுந்த லல்ஸ்செக் என்ற ஹேக்கர் குழுவின் இளைஞர் ஒருவர் 'ஹைட் மை ஆஸ்' விபிஎன் வழியாகத்தான் வந்தார். நீதிமன்ற ஆணை வந்ததும் அந்த நிறுவனம் பதிவுகளைக் கொடுத்தது. அவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை. இந்தியாவில் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, வாடிக்கையாளர் விவரங்களை விபிஎன் நிறுவனங்கள் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

மறையாக்கம் செய்த மின்னஞ்சலுக்கும் இது பொருந்தும். 2021இல் சுவிஸ் அதிகாரிகளின் சட்டப்படியான ஆணையை ஏற்று, பிரான்சின் காலநிலைப் போராளி ஒருவரின் ஐபி முகவரியைப் புரோட்டான்மெயில் பதிவு செய்து கொடுக்க நேர்ந்தது. கடிதத்தின் உள்ளடக்கம் அவர்களாலேயே படிக்க முடியாதபடி இருந்தது. ஆனால் யார் எங்கிருந்து வந்தார் என்பது வேறு தகவல்.

டோர் அப்படியில்லையே?

டோர் என்பது பெயர் மறைத்து இணையத்தில் உலவ உதவும் வலையமைப்பு. அது உங்கள் இணைப்பை மூன்று கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புவதால், எந்த ஒரு கணினிக்கும் உங்கள் முகவரியும் நீங்கள் போகுமிடமும் சேர்த்துத் தெரியாது. தணிக்கை உள்ள நாடுகளில் பத்திரிகையாளர்களுக்கு இது உயிர்நாடி. அதனால்தான் இதைத் தாக்குதலுக்குப் பயன்படுத்துவது எங்களுக்குக் கோபம் தருகிறது. அந்தச் சுமையில் திணறுவது இலக்கு அல்ல, தன்னார்வலர்கள் நடத்தும் டோர் வலையமைப்புதான்.

மேலும், நீங்கள் டோரில் எதைப் பார்க்கிறீர்கள் என்பது மறைந்தாலும், டோரில் இருக்கிறீர்கள் என்பது உங்கள் வலையமைப்பை நடத்துபவருக்குத் தெரியும். 2013 டிசம்பரில் ஹார்வர்டுக்குப் பொய் வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் டோரைப் பயன்படுத்தினார், ஆனால் வளாக வைஃபை வழியாக. அந்த நேரத்தில் வளாகத்தில் டோரில் இருந்தவர்கள் யாரென்று பார்த்ததும் விசாரணை அவரிடம் வந்து நின்றது.

அப்படியானால் எப்படித்தான் பிடிபடுகிறார்கள்?

தொழில்நுட்பம் உடைந்து பிடிபடுபவர்கள் குறைவு. பேச்சும் பழக்கமும் கூட்டாளிகளும் காட்டிக்கொடுப்பதே அதிகம். லல்ஸ்செக்கின் தலைமை முகமாக இருந்த 'சாபு' 2011 ஜூன் 7 அன்று கைதாகி, உடனே எஃப்பிஐயோடு ஒத்துழைக்கத் தொடங்கினார். அடுத்த பல மாதங்கள் பழைய பெயரிலேயே அரட்டையில் இருந்தார். ஸ்ட்ராட்ஃபோர் என்ற தனியார் உளவு ஆய்வு நிறுவனத்தில் 2011 டிசம்பரில் புகுந்த ஜெரமி ஹாமண்ட் அவரை நம்பினார். முன்பு கைதானது, சிறையில் இருந்தது, சாப்பாட்டுப் பழக்கம் என்று உரையாடலில் ஹாமண்ட் ஆங்காங்கே உதிர்த்தவற்றைத் தொகுத்தே அவரை அடையாளம் கண்டார்கள். பிறகு வீட்டைக் கண்காணித்து, அவர் வீட்டில் இருக்கும் நேரமும் அந்தப் புனைபெயர் இணையத்தில் தோன்றும் நேரமும் ஒத்துப்போவதைக் குறித்துக்கொண்டார்கள். டோரை உடைக்கத் தேவையே வரவில்லை. 2013 நவம்பரில் அவருக்கு 10 ஆண்டு சிறை. ஒத்துழைத்த சாபுவுக்கு, ஏற்கெனவே கழித்த 7 மாதமே தண்டனை என்று 2014இல் முடிந்தது. தலைவர் என்று நம்பியவர் வெளியே, நம்பியவர்கள் உள்ளே. இதை யாரும் மறக்கக்கூடாது.

2012இல் காவல்துறைத் தளங்களில் புகுந்த ஒருவர், கேலியாக வெளியிட்ட ஒரு புகைப்படத்தால் சிக்கினார். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் அளவுகள் படக்கோப்புக்குள்ளேயே இருந்தன.

எதிர்த் திசையிலும் பிழை நடக்கிறது. பல மொபைல் சேவைகளில் நூற்றுக்கணக்கானோர் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்கிறார்கள். துல்லியமான நேரமும், ஒரே முகவரியைப் பகிர்பவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் இல்லாமல் ஐபியை மட்டும் வைத்து ஆளைச் சொன்னால் தவறான வீட்டின் கதவு தட்டப்படும். நேர மண்டலத்தைக் குழப்பிக்கொண்டாலும் அப்படித்தான். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்குரைஞர் முதலில் கேட்க வேண்டியவை நேர மண்டலத்தோடு கூடிய நேரமும் போர்ட் எண்ணும்.

பெயரை மறைப்பதே குற்றமா?

பல நாடுகளில் இல்லை, இருக்கவும் கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995இல் மெக்இன்டயர் வழக்கில், பெயரில்லாத துண்டறிக்கையும் கருத்துரிமைக்குள் வரும் என்றது. கருத்துரிமைக்கான ஐநா சிறப்பு அறிக்கையாளர் டேவிட் கே 2015இல் அளித்த அறிக்கை, மறையாக்கமும் பெயர் மறைப்பும் வலுவாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. சாதிக் கொடுமையைச் சொல்பவர், மேலதிகாரியின் ஊழலைச் சொல்பவர், வீட்டு வன்முறையிலிருந்து தப்பியவர் எல்லோருக்கும் பெயர் மறைப்பு தேவை. ஒவ்வொரு பெரிய தாக்குதலுக்குப் பிறகும் "பெயரைச் சொல்லாமல் யாரும் இணையத்தில் இருக்கக்கூடாது" என்ற குரல் எழுகிறது. அதன் விலையைக் கொடுப்பவர்கள் இவர்கள்தாம்.

கசிந்த தரவை இறக்கிப் பார்க்கலாமா, பகிரலாமா?

பகிராதீர்கள். ஸ்ட்ராட்ஃபோர் கசிவில் நிறுவனத்தின் மின்னஞ்சல்களோடு சுமார் 60,000 கடன் அட்டை விவரங்களும் வெளிவந்தன. அந்த அட்டைகளின் சொந்தக்காரர்கள் வெறும் சந்தாதாரர்கள். திருட்டு என்று தெரிந்த தரவை வைத்திருப்பதும் கைமாற்றுவதும் பல நாடுகளில் தனிக் குற்றம். பொதுநலன் கருதி அதை ஆராயும் பத்திரிகைகளுக்கு வழக்குரைஞரும் ஆசிரியர் குழுவும் இருக்கின்றன. தனிநபருக்கு அந்தத் துணை இல்லை.

தாக்குபவர் வேறு நாட்டில் இருந்தால்?

தப்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. சைபர் குற்றங்கள் பற்றி 2001இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட புடாபெஸ்ட் உடன்படிக்கையின்படி, ஒரு நாடு கேட்டால் இன்னொரு நாடு பதிவுகளை அழியாமல் 90 நாள் வரை பிடித்துவைக்க ஆணையிடலாம், நீட்டிக்கவும் செய்யலாம். இதற்காக 24 மணி நேரமும் இயங்கும் தொடர்பு அலுவலகங்கள் உண்டு. சிங்கப்பூர் அரசு சார்ந்த தளங்களை 'மெசையா' என்ற பெயரில் தாக்கியவர் 2013இல் கோலாலம்பூரில் கைதானார். 2015இல் 4 ஆண்டு 8 மாதச் சிறை. மறுபக்கம், அமெரிக்க அரசுக் கணினிகளில் புகுந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட லாரி லவ் என்பவரை அமெரிக்காவுக்கு அனுப்ப முடியாது என்று பிரிட்டன் உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அவருடைய உடல், மன நலமே முக்கியக் காரணம். 2024 டிசம்பரில் ஐநா பொதுச்சபை ஏற்ற சைபர் குற்ற உடன்படிக்கை பற்றி மனித உரிமை அமைப்புகள் கவலைப்படுகின்றன. போராளிகளைத் தேடும் அரசுகளுக்கும் அதே ஒத்துழைப்பு கிடைத்துவிடும் என்பது அவர்களின் அச்சம். அது நியாயமான அச்சம்.

போர் நடக்கும்போது எதிரி நாட்டைத் தாக்கினால் அது நாட்டுப்பற்றுதானே?

2022 பிப்ரவரியில் உக்ரைன் அமைச்சரே தன்னார்வ 'ஐடி படை'க்கு அழைப்பு விடுத்த பிறகு இந்தக் கேள்வி பெருகிவிட்டது. செஞ்சிலுவைச் சங்கம் 2023 அக்டோபரில் குடிமக்கள் ஹேக்கர்களுக்கு 8 விதிகளை முன்வைத்தது: மருத்துவமனையைத் தொடாதே, குடிமக்களின் உடைமையைத் தாக்காதே, கட்டுப்பாடின்றிப் பரவும் நிரலை விடாதே என்று போகும் பட்டியல் அது. மோதலில் நேரடியாகப் பங்கேற்கும் குடிமகன், தாக்கப்படாமல் இருக்கும் பாதுகாப்பை இழக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதோடு உண்டு. ரஷ்ய ஆதரவு 'நோநேம்' குழுவுக்கு எதிராக 2025 ஜூலையில் பல நாடுகள் சேர்ந்து எடுத்த நடவடிக்கையில் 100க்கும் மேற்பட்ட சர்வர்கள் முடக்கப்பட்டன. 1,000க்கும் மேற்பட்ட ஆதரவாளர்களுக்கு, அவர்களின் சட்டப் பொறுப்பைச் சொல்லும் எச்சரிக்கை நேராக அனுப்பப்பட்டது.

தண்டனைகள் மிகையானவை என்கிறார்களே?

பல வழக்குகளில் உண்மைதான். ஒரு நிமிடச் சொடுக்குக்கு வாழ்நாள் கடனாகும் தொகை என்பது நீதியாகாது. இழப்பீடு ஒவ்வொருவரும் செய்த சேதத்தின் அளவோடு கட்டப்பட வேண்டும். தகவல் திருட்டையும் தற்காலிக முடக்கத்தையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. ஓரளவு அசைவு வந்திருக்கிறது: 2021இல் வான் பியூரன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'அனுமதியை மீறிய அணுகல்' என்பதன் பொருளைச் சுருக்கியது. 2022 மே மாதம் அந்நாட்டு நீதித் துறை, நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்கு வழக்குப் போடக்கூடாது என்று தன் வழக்கறிஞர்களுக்குச் சொன்னது. சட்டத்தை மாற்றக் கோருவது நம் உரிமை. மாறும்வரை இருப்பதுதான் சட்டம்.

ஒரு தளத்தில் ஓட்டையைக் கண்டுவிட்டேன். என்ன செய்வது?

அங்கேயே நிறுத்துங்கள். நிரூபிக்க ஒரு பதிவு போதும், அதுவும் உங்கள் சொந்தக் கணக்கின் பதிவாக இருக்கட்டும். மொத்தத் தரவையும் இறக்கிய கணத்தில் நீங்கள் ஆய்வாளர் என்ற நிலையிலிருந்து விழுந்துவிடுகிறீர்கள். தள முகவரியோடு '/.well-known/security.txt' என்று சேர்த்து, அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள், தொடர்பு முகவரி அதில் இருக்கும். இல்லையென்றால் கணினிப் பாதுகாப்புக்கான நாட்டின் செர்ட் அமைப்புக்கு எழுதுங்கள். எந்தப் பக்கம், எந்த நாள், என்ன நேரம், எப்படி மீண்டும் செய்து பார்ப்பது, இவ்வளவு போதும். பணத்தைப் பற்றி முதல் கடிதத்தில் ஒரு வரியும் வேண்டாம். "பணம் தராவிட்டால் வெளியிடுவேன்" என்று வாசிக்க இடமிருந்தால் அது மிரட்டிப் பணம் பறித்தலாகிவிடும். வெளியிடும் முன் 90 நாள் அவகாசம் தருவது துறையில் பரவலான வழக்கம்.

அலுவலக முறைகேட்டுக்கு ஆதாரம் இருக்கிறது. பெயர் தெரியாமல் எப்படிக் கொடுப்பது?

உங்கள் நாட்டில் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் எதையெல்லாம் காக்கிறது என்பதை முதலில் ஒரு வழக்குரைஞரிடம் கேளுங்கள். பத்திரிகைக்குத் தருவதென்றால் பல பெரிய நாளிதழ்கள் பெயர் தெரியாமல் ஆவணங்களைப் பெறும் 'செக்யூர்டிராப்' வைத்திருக்கின்றன. அலுவலகக் கணினி, அலுவலக வைஃபை, அலுவலக அச்சுப்பொறி மூன்றும் கூடாது. 2017இல் அமெரிக்க உளவு ஆவணம் ஒன்றைக் கொடுத்தவர் சிக்கியது இதனால்தான்: அந்த ஆவணத்தை அச்சிட்டவர்கள் மொத்தமே 6 பேர், அவர்களில் அவர் ஒருவர் மட்டுமே அலுவலகக் கணினியிலிருந்து அந்தச் செய்தி நிறுவனத்தோடு மின்னஞ்சலில் பேசியிருந்தார். நீங்கள் மட்டுமே பார்க்கக்கூடிய கோப்பை எத்தனை கவனமாக அனுப்பினாலும், சந்தேகம் உங்கள்மீதுதான் வரும்.

காவல்துறையிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பழைய செய்திகளை அழித்துவிடலாமா?

கூடாது. விசாரணை தெரிந்த பிறகு அழிப்பது தனிக் குற்றம், சாதாரண வழக்கையும் அது கடினமாக்கும். நோட்டீஸ் எந்தச் சட்டப் பிரிவில் வந்திருக்கிறது, உங்களைச் சாட்சியாகவா சந்தேகத்துக்குரியவராகவா கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து, வழக்குரைஞரோடு போங்கள். கருவிகளைக் கைப்பற்றினால் மாடல், வரிசை எண் குறித்த பட்டியலும், முடிந்தால் தரவின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பும் எழுதி வாங்குங்கள். பின்னால் கோப்பு மாற்றப்படவில்லை என்பதற்கு அதுவே அளவுகோல். கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டுமா என்பது இடத்தைப் பொறுத்தது. பிரிட்டனில் சட்டப்படி கேட்டும் தர மறுத்தால் 2 ஆண்டு வரை, தேசப் பாதுகாப்பு வழக்கானால் 5 ஆண்டு வரை சிறை. இந்தியாவில் 69ஆம் பிரிவு ஆணைக்கு ஒத்துழைக்காவிட்டால் 7 ஆண்டு வரை.

எங்கள் சிறிய அமைப்பின் தளத்தையே தாக்குகிறார்கள்.

திருப்பி அடிக்காதீர்கள், அதுவும் அதே சட்டத்தில் குற்றம். உரிமைக் குழுக்களுக்கும் சுதந்திர ஊடகங்களுக்கும் கிளவுட்ஃபிளேரின் 'புராஜெக்ட் கலிலியோ', கூகுளின் 'புராஜெக்ட் ஷீல்ட்' இரண்டும் இலவசப் பாதுகாப்பு தருகின்றன. சேர்ந்த கையோடு உங்கள் சர்வரின் ஐபி முகவரியை மாற்றச் சொல்லுங்கள். பழைய முகவரி, தளப் பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகளின் வரலாற்றில் கிடைக்கும், தாக்குபவர் பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு நேரே அங்கே அடிப்பார். பாதுகாப்புச் சேவையின் முகவரிகளிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும்படி ஃபயர்வாலை அமையுங்கள். மின்னஞ்சல் சர்வர் அதே இயந்திரத்தில் இருந்தால் கடிதத் தலைப்பில் புது முகவரியும் வெளியாகிவிடும், அதைப் பிரித்துவிடுங்கள். யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் பதியும் லாக் கோப்புகளை நேர மண்டலம் குறித்து வேறொரு வட்டில் நகலெடுத்து வைத்துவிட்டுப் புகார் கொடுங்கள். பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் பழைய லாக்குகளைச் சில நாள்களிலேயே அழித்துவிடுவதால், இந்த ஒரு வேலையைத் தாக்குதல் நடக்கும்போதே செய்துவிட வேண்டும்.